முறைக்கிற வண்டி

இன்று ஒரு ஸ்கூட்டர் பெயிண்டரைச் சந்தித்தேன். கைப்பிடி உறை வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடை வாசலில் கிரீம் நிறத்தில் ஒரு வண்டி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அழகாக இருக்கிறதே என்று நின்றேன். "அழகாத்தான் இருக்கும். இதே அழகு போன மாசம் என் உசிர வாங்கிடுச்சு" என்றார் அவர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு, சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். நீங்களும் கேளுங்கள்.

அந்தத் தெருவில் அவருக்கு "ரெண்டு தடவை" என்றுதான் பெயர். கடையைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பெயிண்ட் ஊதுகிற கம்ப்ரசரை அணைத்துவிட்டு உட்காருவார், உடனே எழுந்து போய் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பார். டீக்கடையில் எழுந்து போனால் பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஏதாவது விழுந்திருக்கிறதா என்று தேடுவார். பெயர் வைத்தவர் எதிர்ச்சாரி பஞ்சர் கடைக்காரர். பெயிண்டரின் மனைவிக்கே சில நேரம் வாய் தவறி அந்தப் பெயர் வந்துவிடும்.

கடைக்கு வருவதெல்லாம் ஒரே மாதிரிப் பழைய வண்டிகள், தகர உடம்பு ஸ்கூட்டர்கள். அதைக் கொண்டுவருகிற ஆட்கள் மட்டும் இரண்டு ரகம். ஒரு ரகத்துக்கு வண்டி உருண்டையாக வேண்டும்: வட்ட விளக்கு, பளபள வளையம், கிரீமோ வெளிர்பச்சையோ அடித்து, பார்த்தால் கன்னத்தைக் கிள்ளலாம் போல. இன்னொரு ரகத்துக்குக் கூராக வேண்டும்: மூக்கு நீட்டிய முகப்பு, கோடு போல விளக்கு, மினுக்கமே இல்லாத மேட் கருப்பு. இரண்டையும் அவர் செய்வார். ஆனால் மனசு உருண்டைப் பக்கம்தான். கூர் வண்டிக்குக் கருப்பு அடிக்கும்போது வேலை செய்கிறவர் முகம் இருக்கும். உருண்டைக்கு கிரீம் அடிக்கும்போது குழந்தைக்குத் தலைவாரி விடுகிறவர் முகம் இருக்கும். இதைச் சொன்னது அவர் மனைவி.

வாடிக்கையாளரிடம் பேசுவது, போன் எடுப்பது, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டுவது எல்லாம் அந்த அம்மா வேலை. இவருக்கு ஆட்களோடு பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டி உள்ளே வந்ததும் மனைவி ஒரே கேள்விதான் கேட்பார்: "உருண்டையா, கூரா?" பதில் வந்ததும் வண்டி நிற்கிற இடத்தில், தரையில், சுண்ணக்கட்டியால் ஒரு வட்டமோ முக்கோணமோ போடுவார். வண்டி மேல் ஏன் எழுதுவதில்லை என்றால், வண்டியைத்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போகிறார்களே, எழுதியது நிற்காது. சாவியை ஒரு கவரில் போட்டு, மேலே விவரம் எழுதி, மேஜை டிராயரில் வைப்பார். கடைசியில் சீட்டைப் பூட்டும்போதுதான் சாவிக்கு வேலை. அதுவரை டிராயரை யாரும் திறப்பதில்லை.

நாலு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. கடையில் இரண்டே வண்டிகள். இரண்டும் ஒரே மாடல், இரண்டும் பழைய பெயிண்ட் உரித்து சாம்பல் நிற பிரைமர் பூசி, சீட்டும் நம்பர் பலகையும் கழற்றி, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஒன்றின் கீழ் வட்டம், இன்னொன்றின் கீழ் முக்கோணம். அன்று காலையில்தான் மனைவி, தன் தங்கையின் பிரசவத்துக்குக் கிளம்பினார். "டிபன் பாக்ஸ் கழுவி வைங்க, பிரைமர் போட்டாச்சு, உருண்டைய முதல்ல எடுங்க, அது இந்த வாரம் போகணும்... இல்ல இல்ல, கூர்தான் இந்த வாரம்... சரி நான் போன்ல சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பத்து மணிக்குத் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. தண்ணீர் நேராகக் கடைக்குள் வந்தது. இவரும் பஞ்சர் கடைக்காரரும் பெயிண்ட் டின்களை அலமாரியில் ஏற்றி, கம்ப்ரசரைத் தூக்கி, இரண்டு வண்டிகளையும் ரோட்டுக்குத் தள்ளினார்கள். மத்தியானம் குழாய்க்காரர்கள் வந்து அடைத்ததும், சேறு போக தரையைக் கழுவி, வண்டிகளைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். அப்புறம்தான் பெயிண்டர் தரையைப் பார்த்தார். வட்டமும் இல்லை, முக்கோணமும் இல்லை.

"இதுல எதுய்யா உருண்டை?" என்றார்.

"என்னக் கேட்டா? எனக்கு வண்டின்னா டயர்தான் தெரியும். டயர் ரெண்டும் உருண்டைதான்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

மனைவிக்கு போன் செய்யலாம் என்று எடுத்தார். பிரசவ வார்டில் இருப்பாளே, இதற்காக எதற்குத் தொந்தரவு என்று வைத்துவிட்டார். ஒரு வண்டியின் சீட்டுக்கடியில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். கம்பி மூக்குக்கண்ணாடி ஒன்று, மடக்குக் குடை, முழங்காலுக்குப் போடுகிற பட்டை. இன்னொரு வண்டியின் பெட்டியில் ஒரு தலைமுடிக் கிளிப்பும் காலியான பிஸ்கட் உறையும்.

அவ்வளவுதான், மனசு முடிவு பண்ணிவிட்டது. முழங்கால் பட்டை என்றால் வயதானவர். வயதானவர் என்றால் உருண்டை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர், பெஞ்சுக்கடியில் குனிகிற மனிதர், அன்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டிராயர் மூன்றடி தள்ளி இருந்தது. அதில் கவர் இருந்தது. "உருண்டை செய்யணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சு. அதான் கண்ண மறைச்சிடுச்சு" என்றார் என்னிடம்.

முதலில் உருண்டை என்று மனைவி சொன்னது மட்டும்தான் காதில் நின்றது. அன்றே முகப்பை வட்டமாக வெட்டினார். உருண்டை விளக்குக்கான கூட்டைப் பற்றவைத்தார். செவ்வாய்க்கிழமை கிரீம். மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் பால் ஆடை மாதிரி படிந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு வழிசல் இல்லை. பிரசவ அலைச்சலில் மனைவியும் போன் செய்யவில்லை. புதன்கிழமை பாலிஷ். பக்கவாட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பஞ்சர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "யோவ், இது வண்டியா, கேக்கா?" காரில் போன ஒருவர் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பெயிண்டருக்கு உள்ளுக்குள் நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று அவர் கையிலிருந்து வந்ததில்லை.

வியாழக்கிழமை காலை சீட்டை மாட்டி, பூட்டுவதற்கு டிராயரைத் திறந்தார். "உருண்டை, கிரீம்" என்று எழுதிய கவரை எடுத்துச் சாவியை விட்டார். திரும்பவில்லை. எண்ணெய் விட்டார். திரும்பவில்லை. பிரைமர் உள்ளே போயிருக்குமோ என்று ஊதினார். திரும்பவில்லை. கை தானாக இரண்டாவது கவருக்குப் போனது. அந்தச் சாவி வெண்ணெயில் விட்ட மாதிரி இறங்கித் திரும்பியது.

கவரைத் திருப்பிப் படித்தார். மனைவியின் சாய்ந்த எழுத்து: "எக்ஸ்ரே அம்மா. கூர். மேட் கருப்பு. சனி காலை கட்டாயம்." கடைசிச் சொல்லின் கீழே இரண்டு கோடு. முதல் கவரில்: "பிசியோதெரபி படிக்கிற பொண்ணு. உருண்டை. கிரீம். அவசரம் இல்லை."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து இரண்டு சாவியையும் மறுபடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார், ஏதோ அதற்குள் பூட்டு மனசு மாறியிருக்கும் என்பது போல.

இப்போது போன் செய்துதான் ஆகவேண்டும்.

"பொண்ணு பொறந்திருக்குங்க" என்றார் மனைவி, எடுத்த எடுப்பில்.

"சந்தோஷம்மா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா... இந்த எக்ஸ்ரே அம்மா யாரு?"

"அவங்க ஆஸ்பத்திரில முப்பது வருஷம் எக்ஸ்ரே எடுத்தவங்க. இப்போ ரிட்டையர்டு. ஏங்க, கருப்பு அடிச்சிட்டீங்களா? அவங்களுக்கு சனிக்கிழமை காலைல குடுத்தே ஆகணும். அவங்க பையன் வர்றாராம், கூடவே வண்டிய வாங்க ஒரு ஆளையும் கூட்டிட்டு வர்றாராம். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, வண்டி ஓட்டக் கூடாதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. பாவம், எங்கிட்ட சொல்லும்போது கண்ணு கலங்கிடுச்சு. வாங்க வர்ற அந்த ஆளு தன் வீட்டுப் பொம்பளைங்க ஓட்டறதுக்கு சாதுவான வண்டி தேடறாராம். அதான் இவங்க, அந்த ஆளு பாத்தவுடனே வேணாம்னு சொல்ற மாதிரி முரட்டுத்தனமா அடிச்சுக் குடுங்கன்னு கேட்டாங்க. ஏங்க... லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார். கண் கிரீம் வண்டி மேலேயே நின்றது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

சொன்னார். அந்தப் பக்கம் பிறந்த குழந்தை அழுவது கேட்டது.

"முழங்கால் பட்டைய வெச்சு முடிவு பண்ணீங்களா? நானும்தான் இடுப்புக்கு பெல்ட் போடறேன். என்னையும் உருண்டைல சேத்துடுங்க" என்றார் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "மறைக்காம அவங்களுக்கு போன் போடுங்க. நீங்களே பேசுங்க. நான் பேச மாட்டேன். சாயங்காலம் வந்துடறேன்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் பத்து நடை நடந்தார். இன்னொரு வழி இருக்கிறது என்று தோன்றாமல் இல்லை. இரண்டு வண்டியும் ஒரே மாடல். பூட்டையும் நம்பர் பலகையையும் மாற்றி மாட்டிவிட்டு, பிரைமரில் நிற்பதைக் கருப்பாக்கிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? பஞ்சர் கடைக்காரரே அதைச் சொன்னார். ஆனால் அந்தத் தகர உடம்பில், கால் வைக்கிற இடத்துக்குக் கீழே, வண்டி எண் குத்தியிருக்கிறது. எந்தச் சோதனையிலாவது ஒரு போலீஸ்காரர் குனிந்து பார்த்தால் இரண்டு பெண்களும் திருட்டு வண்டி ஓட்டியவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த யோசனையை அங்கேயே விட்டார்.

என்ன பேசுவது என்று ஒரு பழைய பில்லின் பின்னால் எழுதிக்கொண்டார். "வணக்கம்மா, ஒரு சின்னத் தவறு" என்று தொடங்கி, "சின்ன" என்பதை அடித்தார். பிறகு போன் போட்டார். எழுதியது ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, கொஞ்சம் கடைக்கு வர முடியுமா" என்று மட்டும் வந்தது.

"வண்டி ரெடியா தம்பி?"

"வந்து பாருங்கம்மா."

அரை மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியாக, உயரமாக, வெட்டிவிட்ட நரைமுடியும் தோளில் துணிப்பையுமாக, அறுபதுக்குப் பக்கத்தில். நேராக பிரைமர் வண்டியைப் பார்த்து, "இன்னும் அடிக்கவே இல்லையா?" என்றார். பெயிண்டர் தலையை ஆட்டிவிட்டு, கிரீம் வண்டியைக் காட்டினார்.

அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். முழுதாக ஒரு சுற்று. விளக்கின் வளையத்தில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார்.

"இது என் வண்டியா?"

"ஆமாம்மா."

"நான் கூர்னு சொன்னேன். உங்க வீட்டம்மா எழுதிக்கிட்டாங்க, நான் பாத்தேன்."

"தப்பு என்னோடதும்மா. தண்ணி வந்து கோடு அழிஞ்சிடுச்சு. நான் பெட்டியத் தொறந்து பாத்தேன். முட்டிப் பட்டை இருந்துச்சு. வயசானவங்க வண்டின்னு நெனச்சுட்டேன். வயசானவங்கன்னா..."

"வயசானவங்கன்னா?"

"உருண்டைதான் கேப்பாங்கன்னு..."

சொல்லி முடிக்கும்போதே தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. அந்த அம்மாவின் மகன் எதைச் சொல்கிறாரோ அதையேதான் இவர் மூன்று கோட்டு கிரீமில் சொல்லியிருந்தார்.

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். கத்துவார் என்று இவர் காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி" என்றார். "அதான் பயமா இருக்கு. இந்த அழகப் பாத்தா அந்த ஆளு வாசல்லயே சாவிய வாங்கிட்டுப் போயிடுவான். பாருங்க, சிரிக்குது. வண்டி என்னப் பாத்து சிரிக்குது. 'வா பாட்டி, மெதுவா போலாம்'னு சொல்லுது. எனக்கு முறைக்கிற வண்டி வேணும். சிக்னல்ல நின்னா பக்கத்துல இருக்கறவன் கொஞ்சம் தள்ளி நிக்கணும்."

பெயிண்டருக்கு வாய் வரை ஒரு வார்த்தை வந்தது: ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க, பழகிடும். சொல்லியிருக்கலாம். அந்தக் கிரீமைத் தொட அவருக்குக் கை வராது, அது நிஜம். ஆனால் அவர் சொன்னது வேறு.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றாங்க?"

"பத்து மணிக்கு."

விரல் விட்டு எண்ணினார். கூர் மூக்கு செய்ய வேண்டுமானால் வெட்டிய ஓட்டைக்குத் தகரம் பற்றவைத்து, மேடு பள்ளம் தெரியாமல் பட்டி பூசி, காயவைத்துத் தேய்க்க வேண்டும். நாலு நாள் ஆகும். அவசரப்பட்டால் ஒரே வாரத்தில் விரிசல் விடும். நிறத்தை மட்டும் மாற்றலாம். இன்றைக்கு முழுக்கத் தேய்த்து, நாளை காலை கருப்பு. மேட் கருப்புக்குப் பாலிஷ் இல்லை என்பதால் நேரம் மிச்சம். ஆனால் சரியாகக் காய இரண்டு முழு வெயில் வேண்டும். இருப்பது ஒன்றுதான்.

"விளக்கு உருண்டையா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் எக்ஸ்ரே அம்மா. "அந்த வளையத்தக் கழட்டுங்க. மினுக்கக் கூடாது. எதுவுமே மினுக்கக் கூடாது."

"சரிம்மா."

"இந்தத் தடவை பெட்டியத் தொறந்து பாக்காதீங்க."

அவர் பஸ்ஸுக்குப் போனதும் பெயிண்டர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வண்டியின் பக்கவாட்டில் வைத்தார். வைத்தபடியே சற்று நேரம் நின்றார். முதல் தேய்ப்பில் பளபளப்பு செத்தது. பஞ்சர் கடைக்காரர் எதிரிலிருந்து பார்த்துவிட்டு, "என்னய்யா பண்ற, பைத்தியமா உனக்கு?" என்று ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு மறுபக்கம் குந்தினார். கிரீம் தண்ணீராக வழிந்து சாக்கடைக்குப் போனது.

சாயங்காலம் மனைவி வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல், பிசியோ பெண்ணுக்கு ஒரு வாரம் தாமதமாகும் என்று போன் செய்தார். "அக்கா, லேட்டானா பரவால்ல, கலர் மட்டும் மாறிடக் கூடாது" என்றாளாம் அந்தப் பெண். பெயிண்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் மூடியிருந்தது. அவர் வாசலுக்கும் கம்ப்ரசருக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஈரக் காற்றில் அடித்தால் கருப்பு வெளுத்துத் திட்டுத் திட்டாக நிற்கும். காத்திருந்தால் காய நேரமில்லை. ஒன்பதரைக்கு ஒரு கீற்று வெயில் வந்தது. மனைவி கதவை இழுத்துச் சாத்தி, தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தார். முதல் கோட்டு. காத்திருப்பு. இரண்டாவது கோட்டு. ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அதை ஊசி முனையால் எடுத்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி பெயிண்ட் ஊதினார். மத்தியானம் நல்ல வெயில். வண்டியைத் தள்ளி வெளியே விட்டு, யாரும் பக்கத்தில் வராமல் இவரே காவல் நின்றார்.

வளையம் இல்லாத உருண்டை விளக்கு இப்போது விழித்துப் பார்த்தது. சிரிக்கவில்லை, ஆனால் முறைக்கவும் இல்லை. திகைத்துப் போன மாதிரி இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது. ஒரு தகரத் துண்டை வெட்டி, வளைத்து, கருப்படித்து, விளக்கின் மேல்பாதியை மூடுகிற மாதிரி ஒரு இமை வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"என் மாமனார் மாதிரி இருக்கு" என்றார் அவர்.

பெயிண்டருக்கு இரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது.

சனிக்கிழமை எட்டரைக்கு எக்ஸ்ரே அம்மா வந்தார். சுற்றி வரவில்லை. எதிரே நின்று விளக்கைப் பார்த்தார், விளக்கு அவரைப் பார்த்தது. "ம்" என்றார். அது பாராட்டா, சகிப்பா என்று பெயிண்டருக்குப் பிடிபடவில்லை.

"அம்மா, இன்னும் முழுசா காயலை. சீட்டு, கைப்பிடி தவிர எங்கயும் கை வெக்கக் கூடாது. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும். முட்டி படாம உக்காருங்க. துணி போத்தாதீங்க. யாரையும் சாய விடாதீங்க."

"சரி தம்பி."

"பை கூட மாட்டாதீங்க."

"தம்பி, நான் முப்பது வருஷம் ஜனங்கள 'அசையாதீங்க'ன்னு சொல்லியிருக்கேன். எனக்குப் புரியும்."

கிளம்பினார். இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வழியில் யாராவது உரசினால்? யாராவது பையன் நகத்தால் கீறிப் பார்த்தால்? "போய்ட்டு வாங்க, இங்க நின்னு என் உசிர வாங்காதீங்க" என்றார் மனைவி. பெயிண்டர் தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவர் போய்ச் சேரும்போது அந்த வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. பத்து மணிக்கு வருகிறவர்கள் ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டார்கள். மகன் நாற்பது வயது இருப்பார், கசங்காத சட்டை. கூட வந்தவர் பருத்த மனிதர், கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே அம்மா அப்போதுதான் வண்டியை ஸ்டாண்டு போட்டு ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்.

"அம்மா, இது யாரு வண்டி?" என்றார் மகன்.

"என்னோடதுதான்."

"வெள்ளையா இருந்துச்சே."

"இப்போ கருப்பா இருக்கு."

பருத்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். பெயிண்டர் கேட்டுக்கு வெளியே நின்று, அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இமையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "கருப்புதான்... ஆனா பாக்கப் பாக்க ஒரு கெத்தா இருக்கு சார். என் வீட்டுக்காரிக்குப் பிடிக்குமோ என்னமோ" என்றார். மகன் முகம் மலர்ந்தது. எக்ஸ்ரே அம்மாவின் கை ஹெல்மெட் பட்டையை இறுக்கியது. பெயிண்டர் கேட்டை நெருங்கினார். கருப்பும் கைவிட்டுவிட்டதா?

பருத்தவர் உட்கார்ந்து பார்க்கிற எண்ணத்தில், ஒரு கையை வண்டியின் முன்பக்கத்தில் ஊன்றப் போனார்.

"தொடாதீங்க" என்றார் பெயிண்டர்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பருத்தவர் சூடு பட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

"யாரு நீங்க?"

"பெயிண்டருங்க. சாரி சார். கை வெச்சா தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். அந்தப் பக்கமும் வேணாம் சார், சட்டை படும். முட்டி படும். கொஞ்சம் பின்னால... இன்னும் கொஞ்சம்." ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர், இப்போது கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, இரண்டு கையையும் விரித்து வண்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

"தொடாம எப்படிய்யா வண்டி வாங்கறது?" என்றார் பருத்தவர்.

"விக்கலையே" என்றார் எக்ஸ்ரே அம்மா.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மூவரும் திரும்பினார்கள். அதுவரை அந்த வார்த்தையை அவர் மகனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது மகன் முகத்திலேயே தெரிந்தது. போனில் "பாக்கலாம்" என்றும், "வந்து பேசிக்கலாம்" என்றும்தான் சொல்லிவந்திருக்கிறார்.

பருத்தவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நான் கார்ல இருக்கேன் சார்" என்று நகர்ந்தார்.

"அம்மா, நாளைக்கே கீழ விழுந்தா யாரு பாக்கறது? ராத்திரி பகலா எனக்கு அதே நெனப்பு. போன் அடிச்சாலே திக்குங்குது" என்றார் மகன். கோபமாகத்தான் தொடங்கினார், பாதியில் குரல் உடைந்தது. பெயிண்டருக்கு அந்தத் திக்கென்பது நன்றாகத் தெரியும். அந்த மனிதர் மேல் வந்த கோபம் அப்படியே வடிந்தது.

"டேய், முப்பது வருஷம் உடைஞ்ச எலும்பத்தான் பாத்தேன். எது எப்படி உடையும்னு உன்னவிட எனக்குத் தெரியும். பாதிப் பேரு குளியலறைல விழுந்து வந்தவங்க. அதுக்காக நான் குளிக்காம இருக்கவா?"

மகன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு பெயிண்டரிடம், "பிரேக்காவது ஒழுங்கா பிடிக்குதா?" என்றார்.

"என் வேலை பெயிண்டுதான் சார். ஆனா பாத்துட்டேன். நல்லா பிடிக்குது."

"ஆறு மாசம்" என்றார் மகன் தன் அம்மாவிடம். "ஆறு மாசம் கழிச்சு இதப் பத்தி மறுபடி பேசறோம்."

"பேசலாமே. அப்போ செகப்பு அடிச்சிருப்பேன்."

கார் போன பிறகுதான் பெயிண்டர் விரித்த கையை மடக்கினார். எக்ஸ்ரே அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் அவசரமாகக் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டியது. "தம்பி, ரொம்ப பயப்படறீங்க" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு, கார் போய்விட்டதா என்று அவரும் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

ஆறு மாதத்தில் இன்னும் ஐந்து பாக்கி இருக்கிறது. மகன் மனசு மாறியதா என்று யாருக்கும் தெரியாது. எக்ஸ்ரே அம்மா வாரத்தில் இரண்டு நாள் கடைப் பக்கம் வண்டியில் போகிறாராம், நிறுத்தாமல் ஹாரன் மட்டும் அடித்துவிட்டு. அடிக்காத வாரம் பெயிண்டருக்குச் சோறு இறங்குவதில்லை.

உங்களில் யாராவது பழைய ஸ்கூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தால், ஒரு நடை அவர் கடைக்குப் போய்ப் பாருங்கள். முகவரி வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், அனுப்புகிறேன். ஒன்று மட்டும்: "உங்களுக்குப் பிடிச்சத அடிங்க" என்று சொல்லிவிடாதீர்கள், பாவம், அவரைச் சோதிக்க வேண்டாம். உங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள். இந்தக் கதையை, அம்மாவின் வண்டிச் சாவியை வாங்கி ஒளித்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற யாராவது ஒருவருக்கு அனுப்புங்கள். அம்மாவைக் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.